பெருங்களத்தூர் ஹெரால்டும் ஒரு பழைய விவாதமும்

குன்றத்தூர் என்ற பெயரைக் கேட்டதும் பெரும்பாலோருக்கு நினைவில் எழுவது மலைமேல் வீற்றிருக்கும் முருகன் கோயிலும், பெரிய புராணம் அருளிய சேக்கிழாரைப் பெற்ற ஊர் என்னும் பெருமையுமேயாகும். மோட்டார் யந்திரங்களில் ஈடுபாடு உடையவர்களுக்கோ இவ்வூர் வேறொரு வகையிலும் முக்கியமானது. இங்கிருந்து தெற்கே சென்று தாம்பரத்தைக் கடந்தால், ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு கார்கள் நிர்மாணிக்கப்பெற்ற பெருங்களத்தூர். மேற்கே ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையைப் பிடித்தால் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம். தென்மேற்கே ஒரகடத்தின் புதிய வாகனத் தொழிற்சாலைகள். அருகிலேயே திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டை, அதன் சுற்றுவட்டாரத்தில் பழைய உதிரிப் பாகத்தை மாதிரி பார்த்துக் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைகள். இந்திய மோட்டார் சரித்திரத்தின் பல அத்தியாயங்கள் இவ்வளவு சிறிய வட்டத்துக்குள் அடங்கியிருப்பது அபூர்வம்.

இந்த வட்டாரத்தில் பழைய கார்களுக்கு மறுவாழ்வு கொடுக்கும் ஆர்வம் பெருகிவருகிறது. அப்பா வாங்கிய வண்டி, தாத்தா ஓட்டிய வண்டி என்று தார்ப்பாய்க்கு அடியில் ஆண்டுக்கணக்கில் துருவேறிக் கிடந்தவற்றை வெளியில் இழுத்து, டிங்கர் வேலையும் பெயின்ட் வேலையும் முடித்து, மீண்டும் சாலைக்குக் கொண்டுவர முனைகிறவர்கள் இருக்கிறார்கள். இம்முயற்சியில் உடல் பகுதி சீராகி, எஞ்சின் அறை மட்டும் காலியாக நிற்கும் கட்டத்தில் ஒரு விவாதம் தவறாமல் எழுகிறது. வண்டியோடு பிறந்த சிறிய எஞ்சினையே புதுப்பித்து வைப்பதா, அல்லது காலத்துக்கேற்பச் சக்தி மிகுந்த வேறொன்றை ஏற்றுவதா? சக்தியா, சமநிலையா என்ற இக்கேள்வி நம் பட்டறைகளில் மட்டும் கேட்கப்படுவதன்று; ஜப்பானிலும் பிரான்சிலும் பெரிய ஸ்தாபனங்கள் தங்கள் பழைய இலகு ரக விளையாட்டுக் கார்களை உயிர்ப்பித்தபோது பொறியாளர்களும் ரசிகர்களும் இதையேதான் வாதாடினார்கள். நான் சமநிலைக் கட்சியைச் சேர்ந்தவன். அதற்கான காரணங்களைப் பெருங்களத்தூரில் பிறந்த ஹெரால்டு காரை முன்னிறுத்திச் சொல்லலாம் என்பது என் எண்ணம்.

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்னும் ஸ்தாபனம், இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு கம்பெனியின் உறவோடு 1940-களின் இறுதியில் சென்னையில் தோன்றியது. முதலில் வான்கார்டு என்னும் கனத்த காரையும், பிறகு ஸ்டாண்டர்டு டென் முதலிய சிறு கார்களையும் உற்பத்தி செய்த இந்நிறுவனம், 1961-இல் ஹெரால்டைக் கொண்டுவந்தது. அம்பாசடரும் ஃபியட்டும் இந்தியச் சாலைகளை ஆண்டுகொண்டிருந்த அக்காலத்தில், தென்னாட்டார் நம்முடையது என்று சொல்லிக்கொள்ளும்படியாக இருந்த கார் இதுதான். டாக்டர்களும் வக்கீல்களும் கல்லூரிப் பேராசிரியர்களும் இதை விரும்பி வாங்கினார்கள். அத்தொழிற்சாலை நின்ற இடத்தில் இன்று தகவல் தொழில்நுட்பக் கட்டடங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் எழுந்துவிட்டன, ஜி.எஸ்.டி. சாலையில் நாள்தோறும் அவற்றைக் கடந்து செல்லும் இளைஞர்களில் பலருக்கு அங்கே கார்கள் செய்யப்பட்ட செய்தியே தெரியாது.

ஹெரால்டின் பிறப்பே ஒரு நெருக்கடியின் விளைவு. 1950-களில் உலகின் மற்ற நிறுவனங்கள் உடலும் சட்டமும் ஒன்றேயான கார்களுக்கு மாறிக்கொண்டிருந்த சமயத்தில், ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனத்துக்கு உடல் பகுதியைச் செய்து கொடுத்துவந்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி ஒன்று விலைக்கு வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் செய்து வாங்க வழியில்லாமற்போகவே, தனியான இரும்புச் சட்டத்தின்மேல் பல துண்டுகளாகச் செய்த தகடுகளைப் போல்ட்டு கொண்டு இணைக்கும் பழைய முறைக்கே திரும்ப நேர்ந்தது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவன்னி மிக்கெலாட்டி அதற்கு உருவம் கொடுக்க, 1959 ஏப்ரலில் இங்கிலாந்தில் ஹெரால்டு வெளியாயிற்று. குறைபாடாகத் தோன்றிய அந்தத் துண்டு துண்டான அமைப்புத்தான் பின்னர் பெரிய அனுகூலமாயிற்று. ஒரே சட்டத்தின்மீது கூரை உள்ள காரையும் கூரை இல்லாத காரையும் அமைக்க முடிந்தது. தூரதேசங்களுக்குப் பாகங்களாக அனுப்பி அங்கே பூட்டவும் முடிந்தது. இன்று குன்றத்தூர்ப் பக்கத்துப் பட்டறையில் ஒரு ஹெரால்டைத் தகடு தகடாகக் கழற்றிப் பழுதுபார்க்க முடிகிறதென்றால், அறுபது ஆண்டுகளுக்கும் முந்தைய அந்த நெருக்கடிக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

அக்காரின் விசேஷங்கள் பல. முன்பக்கத்து பானெட், இரு பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து முழுவதுமாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். மெக்கானிக் முன் டயரின்மேலேயே அமர்ந்து எஞ்சின் வேலை பார்க்கலாம். ஸ்டியரிங் ராக் அண்டு பினியன் முறையைச் சேர்ந்தது. கையின் அசைவுக்குச் சக்கரம் உடனே இணங்கும். 25 அடி விட்டத்துக்குள் முழு வட்டம் அடித்துத் திரும்பிவிடும் என்பதால், மயிலாப்பூர் மாடவீதிச் சந்துகளில்கூட ஓட்டுகிறவருக்குத் தயக்கம் இராது. நான்கு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கும் சஸ்பென்ஷன் அந்நாளில் நம் நாட்டுக் கார்களில் காணக் கிடைக்காதது. எடை சுமார் 800 கிலோ. எஞ்சின் 948 சி.சி.; அதன் திறன் ஏறக்குறைய 35 குதிரைதான். இங்கிலாந்தில் இதே காருக்கு 1147, 1296 என்று எஞ்சின் கொள்ளளவைப் பெருக்கிக்கொண்டே போனார்கள். பெருங்களத்தூரிலோ கடைசிவரை 948-தான். சக்தி போதாது என்ற குறை அக்காலத்திலேயே சொல்லப்பட்டதுண்டு.

ஆனால் இந்தக் குடும்பத்தில் சக்தியைக் கூட்டிப் பார்த்தபோது என்ன நேர்ந்தது என்பதற்குச் சரித்திரமே சாட்சியாக நிற்கிறது. ஹெரால்டின் சட்டத்தைக் குறுக்கி, அதன்மீது இரண்டு பேர் மட்டும் அமரும் திறந்த உடலைப் பொருத்தி, 1962-இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் விளையாட்டுக் காரை வெளியிட்டார்கள். எஞ்சின் 1147 சி.சி., 63 குதிரை. எடை சுமார் 710 கிலோ. இந்தச் சின்னஞ்சிறு கார் 1965-இல் லெ மான்ஸ் இருபத்து நான்கு மணி நேரப் பந்தயத்தில் ஓடி முடித்துத் தன் வகுப்பில் முதலிடம் பெற்றது. எளிய உத்தியோகஸ்தரும் வாங்கக்கூடிய விலையில் ஓட்டும் இன்பத்தை அளித்த அது, பல மாறுதல்களோடு 1980 வரை நீடித்தது.

இந்த வெற்றியால் ஊக்கமடைந்த நிறுவனம், 1966-இல் அதே சட்டத்தில் இரண்டு லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி ஜி.டி.6 என்ற பெயரில் இன்னொரு காரை வெளியிட்டது. திறன் 95 குதிரையாக உயர்ந்தது. நேர்ச் சாலையில் அதன் பாய்ச்சல் அபாரம். வளைவுகளில்தான் அதன் மற்றொரு முகம் வெளிப்பட்டது. நீண்ட, கனத்த எஞ்சின் முன்பக்கத்தை அழுத்தியதால் வண்டி திரும்ப மறுத்தது. பயந்துபோன ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தாலோ, பின்பக்கம் இலேசாகி எழும்பி, வெளிப்புறத்துப் பின் சக்கரம் குடைக்கம்பி மடிவதுபோல் உள்ளே மடங்கி, வண்டியைச் சுழற்றிவிடும் அபாயம் இருந்தது.

இதன் காரணத்தைச் சற்று விளக்க வேண்டும். ஹெரால்டு குடும்பத்தின் பின் அச்சு, நடுவில் டிஃபரன்ஷியலோடு கீல் போல இணைந்த இரண்டு தனி அரை அச்சுகளால் ஆனது. குறுக்காக வைத்த ஒரே பட்டை ஸ்பிரிங் இரண்டையும் தாங்குகிறது. குழியில் ஒரு சக்கரம் இறங்கினால் மற்றது பாதிக்கப்படாது என்பதும், ஒழுங்கற்ற சாலையில் பிரயாணம் சுகமாக இருக்கும் என்பதும் இதன் குணம். சக்கரம் மேலும் கீழும் அசையும்போது அது நேராக நில்லாமல் அச்சோடு சேர்ந்து சாய்ந்துபோவது இதன் தோஷம். 35 குதிரைத் திறனில் அந்தத் தோஷத்தைச் சாதாரண ஓட்டுநர் தம் வாழ்நாளில் சந்திக்காமலே போகலாம். 95 குதிரையில் அது ஒவ்வொரு வளைவிலும் காத்திருந்தது. பத்திரிகைகளின் கண்டனத்துக்குப் பிறகு, 1968-இல் பின் சஸ்பென்ஷனையே மாற்றியமைத்து, கீழே தாங்கு கரங்களைப் பொருத்திய பிறகுதான் ஜி.டி.6 நல்ல பெயர் பெற்றது. முதலில் எஞ்சின், பிறகு அச்சு என்ற வரிசையில் வேலை நடந்ததால் வந்த கேடு இது. வரிசை மாறியிருந்தால் அந்தக் கார் பிறந்த நாளிலேயே புகழ் அடைந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பெருங்களத்தூரார் வேறு வழியில் சென்றார்கள். பின் அச்சைப் பற்றி இந்திய உரிமையாளர்கள் கூறிய குறைகளை மனத்திற்கொண்டு, 1970-களின் தொடக்கத்தில் வந்த கெஸல் காரில் தனி அச்சுகளை நீக்கிவிட்டு ஒரே முழு அச்சைப் பொருத்தினார்கள். எஞ்சின் பழைய 948-தான். சிறிய எண்ணிக்கையிலேயே உற்பத்தியான கெஸல் 1977-இல் நின்றுபோயிற்று. பிறகு 1985-இல் அதே தொழிற்சாலையிலிருந்து ஸ்டாண்டர்டு 2000 வந்தது. அதன் கதை நம் விவாதத்துக்கு மறுபக்கத்துச் சாட்சி. இங்கிலாந்தில் மூன்றரை லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சினோடு அறிமுகமான ரோவர் எஸ்.டி.1 என்னும் பெரிய காரின் உடலை வரவழைத்து, அதற்குள் வான்கார்டு காலத்து இரண்டு லிட்டர் எஞ்சினின் வழித்தோன்றலை வைத்தார்கள். நம் சாலைகளுக்காகத் தரையிலிருந்து உயர்த்தி, ஸ்பிரிங்குகளையும் விறைப்பாக்கினார்கள். விலையோ மிக அதிகம். கம்பீரமான அந்த உடலை இழுக்கத் திறனில்லாத எஞ்சினோடு அது எப்படி நிலைக்கும்? 1988-இல் உற்பத்தியும் நின்றது, தொழிற்சாலையும் மூடுண்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்ட ஒரு ஸ்தாபனத்தின் முடிவு அது. தாம்பரம் வட்டாரத்தின் பழைய தொழிலாளர் குடும்பங்களில் அந்த வேதனை இன்னும் ஆறியதாகத் தோன்றவில்லை.

ஆகவே, சமநிலையை ஆதரிப்பவன் சக்தியை வெறுப்பவன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். போதாத சக்தியும் சமநிலையின் குலைவே. எடை, எடை நிற்கும் இடம், அச்சின் அமைப்பு, டயரின் பிடிப்பு, பிரேக்கின் வலிமை, எஞ்சினின் திறன் ஆகிய யாவும் ஒன்றுக்கொன்று அளவாக அமைவதையே நான் சமநிலை என்கிறேன்.

சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலக யுத்தத்தின்போது விமானங்களுக்காக அமைக்கப்பட்ட சோழவரம் ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்த காலத்தை நினைத்துப்பார்க்கிறேன். 1953-இல் தொடங்கப்பெற்ற மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய அந்தப் பந்தயங்களில், ஹெரால்டுகளும் ஃபியட்டுகளும் ஓடின. தட்டுக் கழற்றி, இருக்கை கழற்றி, அவற்றை எவ்வளவு இலேசாக்க முடியுமோ அவ்வளவு இலேசாக்கிக் கொண்டுவந்தார்கள். இறக்குமதி எஞ்சின் வாங்க வசதியில்லாதவர்களுக்கு எடையைக் குறைப்பது ஒன்றே கைவசமிருந்த வித்தை. அந்த வறுமையே அவர்களுக்குச் சிறந்த ஆசானாகவும் இருந்தது. பின்னர் இதே கிளப் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் ஒன்றை நிர்மாணித்து 1990-இல் திறந்தது. அதன் முழு நீளம் 3.7 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், பன்னிரண்டு வளைவுகள்.

அத்தடத்தில் ஒரு தலைமுறையையே பழக்கிய வண்டி கோயம்புத்தூர் எஸ்.கரிவரதன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி. மாருதி 800 காரின் மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சினை ஒற்றை இருக்கைச் சட்டம் ஒன்றில் பொருத்தி, இந்திய இளைஞன் தாங்கக்கூடிய செலவில் பந்தயம் கற்க அவர் வழி செய்தார். எஞ்சின் எல்லோருக்கும் ஒன்றே. அதிலிருந்து கூடுதலாகப் பிழிந்தெடுக்க எதுவுமில்லை. வளைவுக்குள் எப்போது பிரேக் அழுத்துவது, எடை முன்னுக்கு வந்ததும் எப்போது திருப்புவது, வெளியேறும்போது வேகத்தைச் சிந்தாமல் எப்படிக் காப்பது என்பவையே வெற்றியைத் தீர்மானித்தன. 1995-இல் ஒரு சிறிய விமான விபத்தில் கரிவரதன் அகால மரணமடைந்தார். அவர் விட்டுச்சென்ற பள்ளி வீண்போகவில்லை. ஃபார்முலா மாருதியில் பந்தய வாழ்வைத் தொடங்கிய நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியராகப் புகழ் பெற்றார். சொற்ப சக்தியில் கற்றவனுக்குப் பெரும் சக்தி கைவந்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் நம் நாட்டில் இல்லை.

இனி வெளிநாட்டுச் செய்திக்கு வருவோம். 1983 முதல் 1987 வரை டொயோட்டா செய்த கொரொல்லாவின் ஏ.இ.86 என்னும் வகை, 1.6 லிட்டர் எஞ்சினும் பின்சக்கர இயக்கமும் கொண்ட எளிய கார். மலைப்பாதைகளில் அதை ஓட்டிப் பழகிய ஜப்பானிய இளைஞர்களால் அது ஒரு சகாப்தமாயிற்று. அதன் வாரிசாக, சுபாருவின் கூட்டுறவோடு 2012-இல் வெளிவந்தது டொயோட்டா 86. படுக்கைவாட்டில் சிலிண்டர்கள் அமைந்த இரண்டு லிட்டர் எஞ்சினை மிகத் தாழ்வாக வைத்ததால், வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் 46 சென்டிமீட்டர் உயரத்திலேயே நின்றது. திறன் 200 குதிரை. டர்போ கிடையாது, நான்கு சக்கர இயக்கம் கிடையாது, டயர்களோ சிக்கனத்துக்குப் பெயர்போன ப்ரியஸ் காருக்கும் பொருத்தப்பட்ட அதே ரகம். பிடிப்பு மிதமாக இருந்தால்தான் சாதாரண வேகத்திலேயே வண்டியின் அசைவை ஓட்டுநர் உணர முடியும் என்பது அதை உருவாக்கிய பொறியாளர்களின் துணிபு.

உலகெங்கும் கூக்குரல் எழுந்தது. டர்போ வேண்டும், இன்னும் நூறு குதிரை வேண்டும் என்று ரசிகர்கள் வற்புறுத்தினார்கள். எஞ்சினின் நடுச் சுழற்சியில் இழுவை குறைந்து ஒரு தொய்வு தெரிந்ததென்ற குற்றச்சாட்டில் நியாயமும் இருந்தது. பத்தாண்டுக்குள் வந்த இரண்டாம் தலைமுறை அக்குறையைத் தீர்த்த விதம் நம் கவனத்துக்குரியது. எஞ்சின் 2.4 லிட்டராயிற்று, திறன் 235 குதிரையாக உயர்ந்தது, நடுத் தொய்வு நீங்கிற்று. டர்போவை அப்போதும் சேர்க்கவில்லை. எடையை ஏறக்குறைய பழைய அளவிலேயே நிறுத்தினார்கள். கூச்சலுக்கு இணங்காமலும், குறையை மறுக்காமலும், அளவறிந்து கொடுத்த இந்த விடையை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

பிரான்சின் அல்பீன் ஏ110 இன்னும் துணிவான காரியம். 1955-இல் ழான் ரெதெலே என்பவர் தியெப் நகரில் தொடங்கிய அந்நிறுவனத்தின் பழைய ஏ110, 1973-இல் முதன்முதலாக நடந்த உலக ராலி சாம்பியன் பட்டத்தை வென்றது. ரெனால்ட் குழுமம் 2017-இல் அதே பெயரை உயிர்ப்பித்தபோது, பெரிய எஞ்சினைத் தேடிப் போகாமல், பெரும்பகுதி அலுமினியத்தால் ஆன சட்டத்தையும் உடலையும் உருவாக்கி எடையை 1,103 கிலோவில் நிறுத்தியது. எஞ்சின் 1.8 லிட்டர் டர்போ, 252 குதிரை. அதன் போட்டியாளரான போர்ஷே கேமன் 300 குதிரையோடு வந்தது. எடையோ 200 கிலோவுக்கும் மேல் அதிகம். எடை குறைந்ததால் சிறிய பிரேக், சிறிய டயர், மென்மையான ஸ்பிரிங் யாவும் போதுமானவையாயின. மென்மையான ஸ்பிரிங்கால் கரடுமுரடான கிராமச் சாலையிலும் சக்கரம் தரையை விட்டு எழும்பவில்லை. ஒரு கிலோவைக் குறைத்தால் அதைத் தாங்க வேண்டிய மற்றவற்றிலும் எடை குறைகிறது. ஒரு குதிரையைக் கூட்டினாலோ, அதை அடக்க வேண்டிய யாவும் கனக்கின்றன.

நம் வட்டாரத்திலேயே இதற்கு ஓர் உறவுக்கதை உண்டு. 1960-களில் இங்கிலாந்தில் பெயர் பெற்ற கான்டினென்டல் ஜி.டி. என்னும் இலகு ரக மோட்டார் சைக்கிளை, நம் ராயல் என்ஃபீல்டு 2013-இல் மீண்டும் கொண்டுவந்தது. ஹாரிஸ் பெர்ஃபாமன்ஸ் நிறுவனத்தின் துணையோடு சட்டத்தைத் திருத்தமாக வகுத்து, நல்ல பிரேக்கும் டயரும் கொடுத்து, எஞ்சினை மட்டும் 535 சி.சி., 29 குதிரை என்ற அளவில் விட்டார்கள். சக்தி போதாது என்று பலர் குறைப்பட்டார்கள். வளைவில் அது நிற்கும் அழகைக் குறைகூறியவர் அரியர். ஐந்தாண்டு கழித்து 650 சி.சி. இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் 47 குதிரையோடு வந்தபோது, நிறுவனம் சட்டம், பிரேக் பற்றிய பாடத்தை முன்பே கற்றிருந்தது. ஜி.டி.6 தலைகீழாகச் செய்த காரியத்தை இங்கே நேர்வரிசையில் செய்தார்கள்.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு நம் பட்டறைக்குள் நுழைவோம். சில காலத்துக்கு முன் குன்றத்தூருக்கு அருகே ஒரு ஷெட்டில், தம் தந்தையின் ஹெரால்டைப் புதுப்பிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவருடைய மெக்கானிக்கும் வாதாடியதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“சார், இந்த எஞ்சினை வச்சுக்கிட்டு அவுட்டர் ரிங் ரோட்ல ஏறினா, லாரிக்காரன் ஹாரன் அடிச்சே நம்மள ஓரங்கட்டிடுவான். ஜிப்ஸி எஞ்சின் ஒண்ணு அஞ்சு கியர் பாக்ஸோட கிடைச்சா, வண்டி பறக்கும் சார். ஸ்பேரும் எங்க வேணா கிடைக்கும்.”

“பறக்கும்ப்பா, ஒத்துக்கறேன். நிறுத்தறது எப்படி? நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக்தானே?”

மெக்கானிக்கின் வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. மாருதி ஜிப்ஸியின் 1.3 லிட்டர் எஞ்சின் அலுமினியத்தால் ஆனது. பழைய வார்ப்பிரும்பு எஞ்சினைவிட இலேசானதும்கூட. அதன் பிந்தைய வடிவங்கள் 80 குதிரைத் திறன் கொடுத்தன. ஆகவே, ஜி.டி.6-க்கு நேர்ந்த முன்பாரம் இங்கே நேராது. உதிரிப் பாகம் கிடைப்பதும் உண்மைதான். இருந்தும் ஆசிரியர் கேட்ட கேள்விதான் வலியது. 35 குதிரைக்காக வகுத்த டிஃபரன்ஷியலும் அரை அச்சுகளும், அவற்றைப்போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட திறனை எத்தனை நாள் தாங்கும்? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியை நிறுத்த பிரேக் எவ்வளவு உழைக்க வேண்டுமோ, 85 கிலோமீட்டரில் ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு உழைக்க வேண்டும். வேகத்தின் இருபடியில் அது பெருகுகிறது. எஞ்சினை மாற்றுகிறவர் பிரேக்கை மாற்ற வேண்டும். பிரேக்கை மாற்றினால் சக்கரமும், சக்கரத்தை மாற்றினால் அச்சும், அச்சை மாற்றினால் சட்டமும் மாற வேண்டும். முடிவில் ஹெரால்டின் தகட்டைப் போர்த்திய வேறொரு வண்டிதான் மிஞ்சும்.

நாட்டின் சட்டமும் இவ்விஷயத்தில் பேசுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுப் புத்தகத்தில் கண்ட அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைக் கட்டுப்படுத்துகிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகள், முதற் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வாகனங்களைப் பாரம்பரிய வாகனங்களாகத் தனியே பதிவு செய்துகொள்ள வழி வகுத்தன. வண்டியின் இரும்புச் சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாறுதல் இல்லாமல் மூல வடிவில் காக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய் என்று கட்டணம் விதித்து, எண் பலகையில் ‘வி.ஏ.’ என்ற அடையாளத்தையும் சேர்த்தார்கள். பெருங்களத்தூரில் செய்யப்பட்ட ஹெரால்டுகள் அனேகமாக யாவும் இன்று அந்த 50 ஆண்டு எல்லையைக் கடந்துவிட்டன. வேறு எஞ்சின் ஏறிய மறுகணம் அந்தத் தகுதி போய்விடும். ஆனால் இப்பதிவு பெற்ற வண்டியைத் தினசரிப் போக்குவரத்துக்கு உபயோகிக்க அனுமதி இல்லை. கண்காட்சி, ராலி, பராமரிப்பு முதலிய காரியங்களுக்கே சாலையில் இறக்கலாம். அலுவலகத்துக்கு அதிலேயே போய்வர விரும்புகிறவர் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும்.

எடை குறைந்த வண்டி ஆபத்தானதல்லவா என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஒரகடத்தில் உற்பத்தியாகும் ரெனால்ட் க்விட் சுமார் 660 கிலோ எடையோடு 2015-இல் வந்து சிக்கனத்துக்குப் பெயர் பெற்றது; மறு ஆண்டு நடந்த குளோபல் என்கேப் மோதல் சோதனையில் அது ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. இலேசு என்பது மட்டுமே குணமாகிவிடாது. எங்கே உலோகம் வேண்டுமோ அங்கே வைத்து, வேண்டாத இடத்தில் நீக்குவதே பொறியியல். ஹெரால்டைப் பொறுத்தவரை, அது பிறந்த காலத்தில் மோதல் சோதனையும் இல்லை, காற்றுப் பையும் இல்லை. அப்படிப்பட்ட வண்டியில் வேகத்தைக் கூட்டுவது எவ்வகையிலும் நியாயமாகாது. அவுட்டர் ரிங் ரோடு அதற்கான இடமன்று. குன்றத்தூரிலிருந்து ஏரிக்கரையோரம் செல்லும் சாலைகளும், விடியற்காலையில் வெறிச்சோடிய கிராமப் பாதைகளும் அதற்குப் போதும். மணிக்கு 50 கிலோமீட்டரில் ஒரு வளைவை ஒழுங்காக எடுத்து முடிப்பதில் உள்ள திருப்தியை அதை ஓட்டியவர்களே அறிவார்கள்.

தாம்பரத்திலோ, பல்லாவரத்திலோ, குன்றத்தூரிலோ உங்கள் வீட்டுக் கொட்டகையில் ஒரு ஹெரால்டு கிடக்குமானால், அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கையில் உள்ள பணத்தை எஞ்சினில் கொட்டுவதற்கு முன் பிரேக் சிலிண்டர்களையும் குழாய்களையும் புதுப்பியுங்கள். முன்சக்கரங்களைத் தாங்கும் பித்தளை ட்ரன்னியன்களைக் கழற்றிப் பாருங்கள்; அவற்றுக்குக் கிரீஸ் அடிக்கும் வழக்கம் நம் பட்டறைகளில் உண்டு, ஆனால் அவை கேட்பது கியர் எண்ணெய். கவனிக்காமல் விட்டால் அங்கேதான் ஒடிந்து சக்கரம் மடங்கும். சட்டத்தின் ஓரங்களில் துரு எவ்வளவு தூரம் புகுந்திருக்கிறது என்று பார்த்து, அரித்த இடத்தை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யுங்கள். பின் ஸ்பிரிங் தொய்ந்திருந்தால் அதையும், ரப்பர் புஷ்களையும், நான்கு டயர்களையும் மாற்றுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகு அந்த 948 எஞ்சினைப் பிரித்து, திருமுடிவாக்கத்தில் போர் அடித்து, புது பிஸ்டன் போட்டு, அதனிடத்திலேயே திரும்ப வையுங்கள்.